பாய் சுருட்டி, பாய் விரித்து

முதலில் சுக்கான் பிடியைக் கழற்றினாள் குவெனோலா.
அது நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் வரை
யாரும் கால் நீட்ட முடியாது.
ஒரே ஒரு முளைதான்.
உருவியதும் திசை கையோடு வந்துவிட்டது.
கோணிப்பையில் போட்டாள்.

பிறகு பாயை இறக்கிச் சுருட்டிப்
பருமலோடு சேர்த்துக் கட்டினாள்.
பிறகு பாயை விரித்தாள்.
இரண்டுக்கும் நம்மிடம் ஒரே சொல்.
வைத்தவர் யாரோ,
படகிலேயே படுத்து எழுந்தவராக இருக்க வேண்டும்.

பதினாறு அடிப் படகு. அறை கிடையாது, கூரை கிடையாது.
உட்கார்ந்து ஓட்டுகிற குழி மட்டும்:
இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு, அந்தப் பக்கம் ஒரு பெஞ்சு,
நடுவே கால் வைக்க
ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர் பள்ளம்.
வீட்டில் ஆறு வருடமாக
இரண்டு கட்டில்களுக்கு நடுவே
இதைவிடப் பெரிய பள்ளம், கூடவே ஒரு சுவர்.
குறட்டைதான் காரணம் என்று
இருவருமே ஊரில் சொல்லிவைத்திருந்தார்கள்.

பள்ளத்தை மூட,
மார்ச்சில் விற்றுத் தீர்த்த அவளுடைய செருப்புக் கடையிலிருந்து
நான்கு தட்டுப் பலகைகள்.
விளிம்பில் இன்னும் எண்கள்:
முப்பத்தாறு, ஏழு, எட்டு, ஒன்பது.
சுரண்டிப் பார்த்தாள், போகவில்லை.
அவள் முதுகு முப்பத்தெட்டில் படும்.
துக்துவாலின் பாதம் நாற்பத்தாறு.
அந்த அளவை அவள் கடையில் வைத்ததே இல்லை.

பெஞ்சின் நீளம் ஒரு மீட்டர் எண்பத்தாறு.
துக்துவால் ஒரு மீட்டர் தொண்ணூற்றொன்று.
ஐந்து சென்டிமீட்டர் மனிதன் வெளியே.
மடக்கிக்கொள்கிறேன் என்றான்.
நீ மடக்கினால் முட்டி என் பக்கம் குடிவரும் என்று
பின்பெட்டியின் கதவில்
பூசணிக்காய் நுழையும் அளவுக்கு ஓட்டை அறுத்தாள்.
இனி அவன் பாதங்கள்
கேஸ் அடுப்போடும் உதிரி நங்கூரத்தோடும் தூங்கும்.

பருமலுக்கு மேலே தார்ப்பாய்,
மூன்றாவது பாய்.
சைக்கிள் டியூபை வெட்டி இழுத்துக் கட்டினால்
காற்றுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், கிழியாது.
முன்பு கயிற்றால் கட்டியதில்
கிழிந்தது அவள் நகம்.
தண்ணீர் கேன், டார்ச், ராத்திரிக்கு ஒரு வாளி.
வாளியைப் பற்றிப் பேசுவதில்லை என்று உடன்பாடு.

மோர்பியான் வளைகுடா, ஆகஸ்ட்,
சிப்பிப் பண்ணைக்குப் பின்னால் காற்று மறைவு.
பதினோரு மணிக்குப் பாய்மரத்தில் கயிறு தட்டத் தொடங்கியது.
டிக். டிக். டடிக்.
எழுந்து போய்த் தன் காலுறையைச் சுற்றிவிட்டு வந்தாள்.
பன்னிரண்டுக்கு மேலிருந்து சொட்டியது.
மழை இல்லை.
இருவரின் மூச்சும் தார்ப்பாயில் குளிர்ந்து
யாருடையது எதுவென்று தெரியாமல் திரும்பி வந்தது.
மேலே ஓதம்.
கீழே ஓதம் இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்று மணி. அடியில் ஒரு உரசல்.
படகு சேற்றில் உட்கார்ந்தது,
சற்று யோசித்தது,
இடப்பக்கம் சாய்ந்தது.
முதலில் டார்ச் உருண்டது. அப்புறம் கேன்.
அப்புறம் வாளி, நல்லவேளை காலி.
அப்புறம் குவெனோலா, போர்வையோடு,
முப்பத்தெட்டு, முப்பத்தேழு, எல்லா எண்களையும்
ஒரே வழுக்கலில் கடந்து
அவன் விலாவில் போய் நின்றாள்.

பெட்டிக்குள் கால் மாட்டியிருந்ததால்
அவனால் நகர முடியவில்லை.
முயன்றான் என்றும் சொல்ல முடியாது.

“தண்ணீர் எப்போது ஏறும்?”
“ஆறரை.”

வெளியே சேறு சின்னச் சின்னதாக
வாய் திறந்து மூடும் சத்தம்.
கொஞ்ச நேரத்தில் அவன் குறட்டை.
கைக்கெட்டும் தூரத்திலிருந்து கேட்டாள்.
ஊரில் சொல்லிவைத்த அளவுக்கு இல்லை.

காலையில் நீர் வந்து படகை நிமிர்த்திவிட்டது.
காபி கொதிக்கும்போது அவன் சொன்னான்,
நடுவில் ஒரு தடுப்புப் பலகை நிறுத்தினால்
படகு சாய்ந்தாலும் நீ உருள மாட்டாய்.
சரிதான் என்றாள். நாடாவை எடுத்தாள்.
உயரம் பதினெட்டு, நீளம் நூற்றிருபது.
கடைப் பலகை ஒன்று மிச்சம் இருந்தது,
நாற்பதாம் எண்.

செப்டம்பர் பாதி ஆகிவிட்டது.
பென்சில் கோட்டோடு பலகை
கொட்டகைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது.
ரம்பமும் பக்கத்திலேயே.
துக்துவால் கேட்கவில்லை.